காட்னிஸ், ட்ரிஸ், தாமஸ், ஜோனஸ்: நாலு பேருக்கும் ஒரே கதைதானா?

அரைப்பக்கம்:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த இழையில் எல்லாக் கதைகளின் முடிவும் வெளியே வரும். இன்னும் படிக்காதவர்கள் இப்போதே திரும்பிப் போய்விடுங்கள், அப்புறம் என்னைத் திட்டாதீர்கள்.

இரண்டு மாதமாக இளைஞர்களுக்கான டிஸ்டோபியா நாவல்களாகவே (கெட்டுப்போன எதிர்கால உலகக் கதைகள்) படித்துக்கொண்டிருக்கிறேன். ஹங்கர் கேம்ஸ் முதல் இரண்டு பாகம் (மூன்றாவதைப் பாதியில் வைத்துவிட்டேன், காட்னிஸ் எப்போது பார்த்தாலும் ஏதாவது ஒரு மூலையில் போய்ச் சுருண்டு ஒளிந்துகொள்கிறாள், பொறுமை போய்விட்டது), ட்ரிஸ் வரும் டைவர்ஜென்ட் மூன்று பாகமும், தாமஸ் வரும் மேஸ் ரன்னர், கடைசியில் ஜோனஸ் வரும் தி கிவர். எல்லாரும் ஒரே அச்சை வாடகைக்கு எடுத்து வார்த்தார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது. ஒரு பெரிய நாசம் எப்போதோ நடந்து முடிந்திருக்கும், என்ன நாசம் என்று யாரும் ஒழுங்காகச் சொல்ல மாட்டார்கள். மிச்சமிருக்கும் ஊரைச் சுற்றி ஒரு வேலி. உள்ளே ஆட்களை எண் போட்டோ பெயர் போட்டோ பிரித்து வைத்திருப்பார்கள். குறிப்பிட்ட வயது வந்ததும் ஊர் கூடி ஒரு சடங்கு. நம் ஆள் மட்டும் மற்றவர்களைப் போல இல்லை என்று அதில் தெரியவரும். பெண்ணாக இருந்தால் பின்னால் இரண்டு பையன்கள். பெரியவர்கள் சொன்னதெல்லாம் பொய். வேலியைத் தாண்டினால் அங்கே இன்னொரு பொய்.

இதில் எது எதிலிருந்து உண்மையிலேயே வேறுபடுகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சண்டைக்கு இழுக்கவில்லை. சரி, கொஞ்சம் இழுக்கிறேன்.

முதலில்குதித்தவள்:

ட்ரிஸுக்கு எங்கே ஐயா இரண்டு பையன்? ஃபோர் ஒருவன்தான். மூன்று பாகமும் படித்தேன் என்று வேறு சொல்கிறீர்கள்!

வெள்ளிக்கிழமை:

பெயர் நாலு, ஆள் ஒன்று. கணக்கு சரிதான்.

நூலகப்பூனை:

அச்சு ஒன்றுதான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன அந்தச் சடங்கு நாளை மட்டும் ஒவ்வொரு புத்தகத்திலிருந்தும் கிழித்தெடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அன்றைக்கு ஊர் அந்தப் பிள்ளையிடம் எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிகிறது.

ஹங்கர் கேம்ஸ் நடக்கும் நாடான பானெமில் ஊர் பிள்ளையைப் பிடுங்குகிறது, ஒருவர் மிஞ்சும்வரை கொன்றுகொள்ள வேண்டிய அரங்கத்துக்குக் குலுக்கலில் ஆள் எடுக்கிறார்கள். பன்னிரண்டு வயதில் கண்ணாடி உருண்டைக்குள் உன் பெயரில் 1 சீட்டு, அடுத்த வருடம் 2, பதினெட்டில் 7. இதுவரை எல்லாருக்கும் சமம் போலத்தான் இருக்கும். வீட்டில் சாப்பாட்டுக்கு வழியில்லை என்றால் டெசரா வாங்கலாம். ஓர் ஆளுக்கு ஒரு வருடத்துக்கான தானியமும் எண்ணெயும் கிடைக்கும், அதற்கு விலை கூடுதலாக ஒரு சீட்டு. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை முறை வாங்கலாம். போட்ட சீட்டு போட்டதுதான், வருடா வருடம் சேர்ந்துகொண்டே போகும். காட்னிஸ் வீட்டில் மூன்று பேர், ஐந்து வருடம், ஆக 15. வயதுக்கான 5 சேர்த்தால் 20. அவள் நண்பன் கேல் வீட்டில் ஐந்து பேர், ஏழு வருடம், 35, அதோடு 7, மொத்தம் 42. நாவலில் இந்த இரண்டு எண்களும் அப்படியே இருக்கின்றன, நான் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன், பிசகவில்லை. தலைப்பில் இருக்கும் பசி எனக்கு உறைத்தது அரங்கத்துக்குள் போவதற்கு முன்பே, இந்தக் கூட்டல் கணக்கில்தான். தங்கை பிரிமை டெசரா வாங்கவே அக்கா காட்னிஸ் விடவில்லை, அவள் பெயரில் இருப்பது ஒரே ஒரு சீட்டு. வருவது அது.

டைவர்ஜென்ட் சிகாகோவில் யாரும் பிடுங்குவதில்லை. கத்தியை உன் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். உள்ளங்கையைக் கீறி ரத்தத்தை ஏதாவது ஒரு கிண்ணத்தில் நீயே விட வேண்டும். தண்ணீர், மண், கண்ணாடி, கல், தணல். எந்தக் கிண்ணமோ அந்தப் பிரிவு, அன்றோடு பெற்ற வீடு போச்சு. பிரிவுதான் முக்கியம், ரத்தம் அப்புறம்தான் என்கிற ஊர், அதைச் சொல்வதற்கும் ரத்தத்தையே கேட்கிறது பாருங்கள்.

தாமஸுக்கு அந்த நாளே கிடையாது. இருட்டு லிஃப்டுக்குள் விழிக்கிறான், பெயரைத் தவிர எதுவும் ஞாபகம் இல்லை. எல்லாம் அவனுக்கு முன்பே முடிந்துபோயிருக்கிறது.

கிவரைப் பற்றி நான் பேச மாட்டேன், அதற்கு இங்கே ஒருவர் இருக்கிறார்.

பழையபதிப்பு:

கூப்பிட்டதற்கு நன்றி பூனை. அந்தப் புத்தகத்தைப் பற்றி எழுதச் சொன்னால் எனக்கு நேரம் காலம் தெரியாது.

தம்பி அரைப்பக்கம், முதலில் ஒரு திருத்தம். நீங்கள் கிவரைக் கடைசியாகப் படித்ததால் அதுவும் அந்த வரிசையில் வந்த இன்னொன்று போலத் தோன்றியிருக்கிறது. லோயிஸ் லௌரி அதை எழுதியது 1993-இல், மறுவருடம் நியூபெரி விருதும் வாங்கிவிட்டது. ஹங்கர் கேம்ஸ் வந்தது 2008, டைவர்ஜென்ட் 2011. அதனால் அச்சு என்று ஒன்று இருந்தால் அது இவருடைய பட்டறையிலிருந்து போனது.

பூனை சொன்ன அந்த நாளுக்கு வருகிறேன். ஜோனஸின் ஊரில் பன்னிரண்டு வயதுச் சடங்கு. மேடையில் தலைமை மூத்தவர் ஒவ்வொரு பிள்ளையாக அழைத்து, இவன் சின்ன வயதில் எப்படி இருந்தான் என்று ஒரு வேடிக்கைச் சம்பவம் சொல்லி, வேலையை அறிவிப்பார். ஆஷரின் முறை. மூன்று வயதில் அவனுக்கு ‘ஸ்நாக்’ என்று சொல்ல வாய் வராமல் ‘ஸ்மாக்’ என்பானாம். தின்பண்டம் கேட்க நினைத்து அடி கேட்கிறான். கேட்டதைக் கொடுப்பதுபோல ஒவ்வொரு தடவையும் அடி விழும். சரியான சொல்லைச் சொல்லும்வரை அடி. கொஞ்ச காலம் அந்தக் குழந்தை பேசுவதையே நிறுத்திவிட்டது. இதை அந்த அம்மா மேடையில் செல்லமாகச் சொல்கிறார், கூட்டம் சிரிக்கிறது. அடித்த பக்கத்தில் எந்த வன்மமும் இல்லை. அதுதான் எனக்கு முதுகைச் சில்லிட வைத்தது, இப்போது எழுதும்போதும்கூட.

அப்புறம் ஜோனஸுக்கு ஒரு தாள் கொடுக்கிறார்கள், அவனுடைய வேலைக்கான எட்டு விதிகள். கடைசி விதி: நீ பொய் சொல்லலாம். சின்ன வயதிலிருந்து பொய்யே சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பையன். உடனே அவனுக்குத் தோன்றுவது என்ன? இதே வரி எல்லாருடைய தாளிலும் இருந்திருந்தால்? அப்பாவுடைய தாளிலும்? கேட்டாலும் பயனில்லை, வருகிற பதில் உண்மையா என்று எப்படித் தெரியும். ஒரு ராணுவம் இல்லை, ஒரு துப்பாக்கி இல்லை, நாலு சொல்லில் ஒரு குழந்தையின் உலகம் ஓட்டையாகிவிடுகிறது.

பானெமின் அதிபர் ஸ்னோவுக்குத் தான் கொடுமை செய்கிறோம் என்று நன்றாகத் தெரியும். ஜோனஸின் அப்பாவுக்குத் தெரியாது. இரட்டைக் குழந்தைகளில் எடை குறைந்ததை ஊசி போட்டுக் கொன்றுவிட்டுக் கொஞ்சு குரலில் டாட்டா சொல்கிறார், வீட்டுக்கு வந்து வழக்கம்போல இருக்கிறார். இரண்டும் ஒரே கதை என்றால் எப்படி?

அரைப்பக்கம்:

அண்ணா, அந்த எட்டாவது விதியை நான் வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். திரும்ப எடுத்துப் பார்த்தேன். சரி, கிவரை என் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன். மற்ற மூன்றும் உள்ளேதான்.

வெள்ளிக்கிழமை:

டைவர்ஜென்டைத் தாராளமாக உள்ளேயே வையுங்கள். எனக்கு அந்த ஊரில் ஒரே ஒரு கேள்விதான். அந்த ரயில்கள் எங்கிருந்து எங்கே போகின்றன? ஓடிப்போய் ஏறுகிறார்கள், கூரைமேல் குதிக்கிறார்கள், எல்லாம் சரி. டிக்கெட் எடுத்துக்கொண்டு ஒருவராவது உட்கார்ந்து போய்ப் பார்த்திருக்கிறீர்களா? காட்னிஸின் 12-ஆம் மாவட்டம் நிலக்கரி வெட்டுகிறது, 11 வயலில் வேலை செய்கிறது, 4 மீன் பிடிக்கிறது, யார் சோறு போடுகிறார்கள் யார் சாப்பிடுகிறார்கள் என்று தெரிகிறது. பானெமில் ஒரு பொருளாதாரம் உண்டு. சிகாகோவில் இருப்பது ஆளுமைத் தேர்வு ஒன்றுதான்.

முதலில்குதித்தவள்:

ரயிலை விடுங்கள், அதற்கு என்னிடமும் பதில் இல்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன். பள்ளி முடித்து அடுத்து என்ன படிக்கப் போகிறேன் என்று ஒரு படிவத்தில் டிக் போட வேண்டிய வயதில்தான் டைவர்ஜென்ட் என் கைக்கு வந்தது. வெரோனிகா ராத்தும் அதைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும்போதுதான் எழுதினார், அது புத்தகத்தில் தெரிகிறது, குறையாகவும் தெரிகிறது நிறையாகவும் தெரிகிறது. பானெமில் மாட்டிக்கொள்வதற்கு நீ எதுவும் செய்ய வேண்டாம், சீட்டு வந்தால் போச்சு. ட்ரிஸுக்கு அப்படி இல்லை. தன்னலம் இல்லாதவர்களின் வீட்டில் வளர்ந்தவள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை முடி வெட்டும்போது மட்டும் கண்ணாடி பார்க்க அனுமதி. அம்மா பின்னால் நின்று முடியை வெட்டுகிறாள், இவள் அம்மா கவனிக்காத நேரம் பார்த்து ஒரு நொடி தன் முகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்க்கிறாள். புத்தகம் அங்கே தொடங்குகிறது. அந்தப் பெண் மறுநாள் தன் ரத்தத்தைத் தணலில் விடுகிறாள், அப்பா அம்மா பார்த்துக்கொண்டிருக்க. அதற்குச் சற்று முன்னால்தான் அண்ணன் கேலப் வேறு பிரிவுக்குப் போய்விட்டான், ஒரே நாளில் இரண்டு பிள்ளையும் போகிறார்கள். வில்லன் யாரும் வராமலே மனது பிசைகிறது. எனக்குப் பிடித்ததைத் தேர்ந்தால் வீட்டுக்குத் துரோகமா என்கிற கேள்வி பதினாறு வயதில் எல்லாருக்கும் வருவதுதான், அதற்கு ராத் ஐந்து கிண்ணம் வைத்துக் கொடுத்தார்.

எனக்குக் கோபம் மூன்றாவது பாகம் மேல்தான். மனிதரை ஐந்து பெட்டிக்குள் அடைக்க முடியாது என்று இரண்டு புத்தகம் பாடம் எடுத்துவிட்டு, வேலிக்கு வெளியே போனதும் மரபணு சரியானவர்கள், மரபணு பழுதானவர்கள் என்று இரண்டே இரண்டு பெட்டி. நம் ஆள் சரியான பெட்டியிலாம்! அது தப்பு என்று ட்ரிஸே சொல்கிறாள்தான், ஆனால் கதை கட்டப்பட்டிருப்பதே அந்தப் பிரிவினை மேல். முதல் பாகத்தில் அவள் தனித்து நின்றதற்கு அவள் மனசு காரணம் என்று நம்பிக்கொண்டிருந்தேன், கடைசியில் பரிசோதனைச்சாலை ரிப்போர்ட் காரணம் என்றால் எப்படி இருக்கும்?

அப்புறம் அவள் சாவு. அதை நான் ஆதரிக்கிறேன், அடிக்க வராதீர்கள். கேலப் போக வேண்டிய இடத்துக்குத் தான் போகிறாள், கொல்லும் மருந்தையே தாங்கிக்கொள்கிறாள், கடைசியில் ஒரு சாதாரணத் துப்பாக்கிக் குண்டு. முதல் அத்தியாயத்தில் தன்னலமின்மை தனக்கு வரவில்லை என்று வெட்கப்பட்ட பெண் அவள்.

வெள்ளிக்கிழமை:

சாவு அதிர்ச்சியாக இருந்திருக்கும், மூன்றாவது பாகத்தில் திடீரென்று டொபையாஸும் (ஃபோரின் நிஜப் பெயர்) கதை சொல்ல ஆரம்பிக்காமல் இருந்திருந்தால். இரண்டு பாகம் அவள் ஒருத்தியே சொல்லிவந்த கதைக்கு எதற்கு இப்போது துணைக்கு ஆள் என்று அத்தியாயத் தலைப்பைப் பார்த்தபோதே எனக்குப் பொறி தட்டிவிட்டது.

இன்னொன்று. ஹங்கர் கேம்ஸை இப்படித் தூக்கிவைக்கிறீர்களே, கோஷுன் டகாமியின் பேட்டில் ராயல் 1999-லேயே வந்துவிட்டது. பிள்ளைகளை ஓரிடத்தில் அடைத்து ஒருவர் மிஞ்சும்வரை கொல்லவிடும் அரசு. படமும் 2000-இல் வந்தது. யாரும் அதைப் பேச மாட்டேன் என்கிறீர்கள்.

நூலகப்பூனை:

பேசலாமே. தன் நாவலை எழுதிக் கொடுத்த பிறகுதான் அந்தப் புத்தகத்தைப் பற்றியே கேள்விப்பட்டேன் என்று ஹங்கர் கேம்ஸ் எழுதிய காலின்ஸ் சொல்லியிருக்கிறார், நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எனக்கு அந்த வழக்கில் அக்கறை இல்லை, இரண்டும் ஒரே யோசனையிலிருந்து எவ்வளவு தூரம் விலகிப் போகின்றன என்பதில்தான் ருசி. டகாமி ஒரே வகுப்பின் 42 மாணவர்களை உள்ளே விடுகிறார். நேற்றுவரை பக்கத்து பெஞ்சில் இருந்தவன். அதனால் அங்கே ஓடுகிற பயம், இவனை நம்பலாமா என்பது. காலின்ஸ் விடுவது 24 பேரை, கூட வந்த ஒருவரைத் தவிர எல்லாரும் முன்பின் தெரியாதவர்கள். இவளுடைய பயம் வேறு மாதிரி, என்னை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது. கூட வந்த பீட்டாவுக்குக் குகைக்குள் முத்தம் கொடுத்தால் மேலிருந்து சூப் இறங்குகிறது! அன்றிலிருந்து அவளுக்கே தெரியவில்லை எது நடிப்பு எது நிஜம் என்று. ஒரு பக்கம் ரியாலிட்டி ஷோ, இன்னொரு பக்கம் இராக் போர்க் காட்சிகள் என்று டிவி சேனலை மாற்றிக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கதை தோன்றியது என்று காலின்ஸ் சொன்னதை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். கேமராவை எடுத்துவிட்டால் டகாமியின் கதை நிற்கும், ஹங்கர் கேம்ஸ் நிற்காது.

அரைப்பக்கம், உங்கள் முக்கோணக் காதல் புகாருக்கும் இதுதான் பதில். பீட்டாவா கேலா என்பது அங்கே காதல் பிரச்சினையே இல்லை என்பேன். கேல் வைத்திருப்பது கோபம், பீட்டா வைத்திருப்பது வேறொன்று, அந்த ஊருக்கு இனி எது தேவை என்பதுதான் கேள்வி. நீங்கள் மூன்றாம் பாகத்தை முடிக்கவில்லை என்பதால் இதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டேன்.

ஓட்டக்காரன்:

மேஸ் ரன்னருக்காக ஒருவரும் பேசாததைப் பார்த்து வந்தேன். எழுத்து சுமார்தான், அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு அத்தியாயமும் கதவை முகத்தில் சாத்திவிட்டு முடியும், நாம் வெறியோடு அடுத்ததைத் திருப்புவோம். அந்தப் பையன்கள் பேசும் ‘ஷாங்க்’, ‘க்ளங்க்’ எல்லாம் முதல் ஐம்பது பக்கம் எரிச்சலாக இருந்தது, அப்புறம் நானே வீட்டில் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

பூனை, “எல்லாம் அவனுக்கு முன்பே முடிந்துபோயிருக்கிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு முன்பே முடிந்தது சரி, ஆனால் அவன் கையாலும் நடந்தது. பையன்களை அடைத்துவைத்திருக்கும் அந்தப் புதிர்ப்பாதையை வடிவமைத்ததில் தாமஸுக்கும் தெரேசா என்கிற பெண்ணுக்கும் பங்கு உண்டு. சின்னப் பையன் சக் வெளியே வந்ததும் செத்துப்போகிறான், உள்ளே எத்தனையோ பேர் செத்தார்கள், அந்தச் சுவரைக் கட்டியதில் இவனும் ஒருவன். காட்னிஸ், ட்ரிஸ், ஜோனஸ் மூவரும் பொய்யைக் கேட்டு வளர்ந்தவர்கள். இவன் பொய்யைக் கட்டியவன், கட்டியதை மறந்தவன். இப்படி ஒரு நாயகன் உங்கள் மற்ற மூன்றில் இருக்கிறானா?

இதையெல்லாம் நடத்தும் விக்கெட் (WICKED) அமைப்பையும் பாருங்கள். அவர்களுக்கு நாற்காலி ஆசையெல்லாம் இல்லை, ஃப்ளேர் நோய்க்கு மருந்து தேடுகிறார்கள், மூளையை அரிக்கும் நோய். நாற்பது ஐம்பது பையன்களை வதைத்தால் மனித இனம் பிழைக்கும் என்றால் வதைக்கலாமா என்று அந்தக் கதை கேட்கிறது. ஸ்னோவிடம் இப்படி ஒரு நியாயத்தை நீங்கள் தேடிப் பார்த்தாலும் கிடைக்காது. பதில் சொல்ல அதை எழுதிய டாஷ்னர் ரொம்பச் சிரமப்படுகிறார், நோய் வராதவர்களை ஒரு பசுமையான இடத்துக்குக் கதவு வழியாக அனுப்பிவிட்டு முடித்துக்கொள்கிறார், அது தப்பித்தல் என்று என்னிடமே எனக்கு வாதம் உண்டு. ஆனால் தாமஸின் நண்பன் நியூட்டின் கடிதம் எழுதியவரை நான் மன்னித்துவிடுவேன்.

முதலில்குதித்தவள்:

நியூட் பெயரை எடுக்காதீர்கள், வேலை நேரம்.

பழையபதிப்பு:

ஓட்டக்காரன் சொன்னது நியாயமான வாதம்.

ஒரு சின்ன விஷயம், யாரும் தொடாததால் கேட்கிறேன். ஹங்கர் கேம்ஸ், டைவர்ஜென்ட் இரண்டும் தன்மையில், நிகழ்காலத்தில் நடக்கின்றன. ஓடுகிறேன், குனிகிறேன், அம்பை எடுக்கிறேன். கிவரும் மேஸ் ரன்னரும் படர்க்கையில், இறந்தகாலத்தில். அந்த நிகழ்காலம் முழு நாவலுக்கும் வந்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது, தமிழில் மனதுக்குள் சொல்லிப் பார்த்தால் கிரிக்கெட் வர்ணனை போல இருக்கிறது. உங்களுக்கெல்லாம் பழகிவிட்டதா?

நூலகப்பூனை:

மூச்சு முட்டட்டும் என்றுதானே அப்படி எழுதுகிறார்கள். ‘ஓடினேன்’ என்றால் பிழைத்து வந்து சொல்கிறாள் என்று தெரிந்துவிடும். ‘ஓடுகிறேன்’ என்றால் அடுத்த வரியில் அவள் இருப்பாளா என்பதற்கு உத்தரவாதம் இல்லை, ட்ரிஸ் விஷயத்தில் அது நிஜமாகவே நடந்தது. மரீ லூவின் லெஜண்டும் இப்படித்தான், ஜூன் ஒரு அத்தியாயம் டே ஒரு அத்தியாயம் என்று மாறி மாறி. பத்து வயதில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரு தேர்வு, 1500-க்கு எவ்வளவு என்பதை வைத்து வாழ்க்கை. பரீட்சை பயம் உள்ளவர்கள் இரவில் படிக்க வேண்டாம்.

அக்லீஸையும் விட்டுவிட்டோம், ஸ்காட் வெஸ்டர்ஃபெல்ட், 2005. பதினாறு வயதில் எல்லாரையும் அழகாக்கும் அறுவை சிகிச்சை, பிள்ளைகள் நாள் எண்ணிக்கொண்டு காத்திருக்கிறார்கள்! மூளையிலும் கை வைக்கிறார்கள் என்பது அப்புறம் தெரியும். பிடுங்கும் ஊர், தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஊர் பார்த்தோம், இது பரிசு கொடுக்கும் ஊர். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தனி இழை வேண்டும்.

வெள்ளிக்கிழமை:

இவ்வளவு பேசியும் இந்த அலை ஏன் அடங்கியது என்று யாரும் சொல்லவில்லை. 2014-இல் மட்டும் டைவர்ஜென்ட், மேஸ் ரன்னர், கிவர் மூன்றும் படமாக வந்தன, ஹங்கர் கேம்ஸின் மூன்றாம் பாகமான மாக்கிங்ஜேயின் முதல் பாதி தனி. 2016-இல் டைவர்ஜென்டின் மூன்றாவது படம் அலீஜியன்ட் வந்தது, அதற்கு அடுத்த பாகம் எடுக்கப்படவே இல்லை. கதையை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அரைப்பக்கம் கேட்ட அதே கேள்வியைப் பார்வையாளர்களும் கேட்டிருப்பார்கள், எல்லாம் ஒரே கதைதானே என்று.

ஓட்டக்காரன்:

ஆனால் தாய்லாந்தில் 2014 ராணுவ ஆட்சிக்கு எதிராகவும், மியான்மரில் 2021-லும் தெருவில் மக்கள் உயர்த்தியது காட்னிஸின் மூன்று விரல் வணக்கம். அங்கே யாரும் ஒரே கதை என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

அரைப்பக்கம்:

நாலு நாள் கழித்து வருகிறேன். மாக்கிங்ஜேயை விட்ட இடத்திலிருந்து எடுத்து முடித்துவிட்டேன், பூனை அக்கா வாயை மூடிக்கொண்ட விதம் தூங்கவிடவில்லை.

அவள் ஒளிந்துகொண்டே இருந்தது சரிதான் என்று இப்போது தோன்றுகிறது. இரண்டு தடவை அரங்கத்துக்குள் போய்வந்த பிள்ளை வேறு என்ன செய்யும். நான் அவளிடம் எதிர்பார்த்தது அடுத்த சண்டைக் காட்சி, பானெமின் தலைநகரான கேபிடலில் உட்கார்ந்து டிவி பார்க்கும் ஆளுக்கும் எனக்கும் அந்த இடத்தில் என்ன வித்தியாசம் என்று தெரியவில்லை.

குண்டு வெடிக்கிறது, காப்பாற்ற மருத்துவர்கள் ஓடி வருகிறார்கள், அவர்கள் நெருங்கியதும் இரண்டாவது வெடிப்பு. அந்தத் தந்திரத்தை முன்னால் கேல் வரைந்து காட்டியபோது நான் சும்மா புரட்டிவிட்டுப் போயிருக்கிறேன், பிரிம் ஓடி வரும்போதுதான் ஞாபகம் வந்தது. கேலைப் பற்றி நீங்கள் சொன்னது அப்போது புரிந்தது அக்கா.

ஆனால் அந்த வாக்கெடுப்பு எனக்குப் புரியவில்லை. கேபிடல் பிள்ளைகளை வைத்துக் கடைசியாக ஒரு ஆட்டம் நடத்தலாமா என்று முன்பு ஆட்டத்தில் ஜெயித்தவர்கள் ஏழு பேரிடம் கலகக்காரர்களின் தலைவி காயின் கேட்கிறாள். பீட்டா, ஆனி, பீட்டி வேண்டாம் என்கிறார்கள். காட்னிஸ் சரி என்கிறாள், பிரிமுக்காக. காயினை நம்பவைத்து அம்புக்கு முன்னால் நிறுத்தத்தான் அப்படிச் சொன்னாளா, இல்லை அந்த ஒரு நிமிடம் உண்மையிலேயே அப்படி நினைத்தாளா?

வெள்ளிக்கிழமை:

தந்திரம்தான். அவளுக்குப் பயிற்சி கொடுத்த ஹேமிட்சுக்குப் புரிந்துவிட்டது, அதனால்தான் அவளோடு சேர்ந்து வாக்களித்தான்.

முதலில்குதித்தவள்:

எனக்கு அப்படித் தோன்றவில்லை. உண்மையாகவே சொல்லியிருப்பாள், சொன்னதைத் தன் காதால் கேட்ட பிறகுதான் ஸ்னோவுக்கு வைத்திருந்த அம்பு காயின் பக்கம் திசை மாறியிருக்கும்.

அரைப்பக்கம்:

இரண்டு மாதிரியும் படித்துப் பார்த்தேன், இரண்டும் பொருந்துகிறது. எப்படியோ, பட்டியல் காலி. அச்சு ஒன்றுதான் என்பதை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன்.

நான் உடைந்தது அங்கே எல்லாம் இல்லை. முதல் அத்தியாயத்தில் காட்னிஸ் வாளித் தண்ணீரில் அமுக்கப் பார்த்ததாகச் சொல்வாளே, பிரிமின் அந்த அசிங்கமான மஞ்சள் பூனை, அது அவ்வளவு தூரம் நடந்து பிரிம் இல்லாத வீட்டுக்குத் திரும்பி வருகிறது. இவள் அதன்மேல் பொருட்களை வீசி, அவள் இங்கே இல்லை, செத்துவிட்டாள் என்று கத்துகிறாள். அதுவரை எங்கேயும் அழாதவன் நான்.

நூலகப்பூனை:

அந்தப் பக்கத்தைப் பற்றி மட்டும் என்னிடம் பேசாதீர்கள். என் பெயரைப் பாருங்கள்.